கதவு எந்தப் பக்கம்? ரங்கூன் பஸ் பிரியர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரங்கூனின் இன்றைய பெயர் யாங்கோன். எங்கள் வீடுகளில் இன்னும் ரங்கூன்தான். இந்த ஊரில் பஸ் பார்ப்பதையும் பஸ்ஸில் போவதையும் பொழுதுபோக்காகக் கொண்ட தமிழர் கொஞ்சம் பேர் இருக்கிறோம். கோயிலில், கல்யாண வீட்டில், சில சமயம் பஸ்ஸுக்குள்ளேயே எங்களைப் பிடித்து நிறுத்திக் கேட்கிற கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். குழுவின் கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் இந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

நீங்கள் பஸ் கம்பெனியா, டூர் நடத்துகிறவர்களா, சங்கமா?

மூன்றும் இல்லை. சங்கம் என்றால் பதிவு, தலைவர், பொன்னாடை எல்லாம் வந்துவிடும். நாங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, ஏதாவது ஓர் ஊருக்குப் போய், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புகிறவர்கள். ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர், மரவேலை செய்கிறவர், நகைக்கடையில் கணக்கு எழுதுகிறவர், இரண்டு டீச்சர்கள், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் என்று கலந்த கூட்டம். ஒருவரிடமும் சொந்த பஸ் கிடையாது.

பஸ்ஸில் போய் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?

ரங்கூன் வட்ட ரயிலைப் பற்றி இப்படி யாரும் கேட்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஊரைச் சுற்றி ஏறக்குறைய 46 கிலோமீட்டர் ஓடும் அந்த ரயிலில் ஏறிப் படம் பிடிக்காத வெளிநாட்டுக்காரர் குறைவு. நம்மை வேலைக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய் விட்ட லைன் காரைத் திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை. (நகர பஸ்ஸை இங்கே பர்மியரும் நாமும் 'லைன் கார்' என்றுதான் சொல்வது.)

இந்த ஊருக்குப் புது பஸ் வந்ததே அபூர்வம். போரில் ஓடிய லாரி இங்கே வந்து பஸ் ஆனது. ஜப்பானில் ஓடிக் களைத்த வண்டி கப்பல் ஏறி வந்தது. தென் கொரியாவில் கழித்த வண்டியும் வந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தால் வண்டியின் போன பிறவி எங்காவது ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு மேலே ஜப்பானிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை, கம்பியில் கொரிய எழுத்தோடு ஒரு பெல் பொத்தான். அமுக்கினால் மணி அடிக்காது. அதை அமுக்காமல் எங்களில் யாரும் இறங்கியதும் கிடையாது.

எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் 'கதவு எந்தப் பக்கம்?' என்று ஏன் கேட்கிறீர்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் பர்மாவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகப் போயின, இந்தியாவில் இன்றும் போவது போல. 1970 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை அன்று, அப்போது நாட்டை ஆண்ட ஜெனரல் நே வின்னின் அரசாங்கம் நாடு முழுவதையும் வலப்பக்கத்துக்கு மாற்றியது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. ஜோசியர் சொன்னார் என்பார் ஒருவர். அரசியலில் இடது பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டோம், கொஞ்சம் வலது பக்கம் வா என்று கனவில் உத்தரவு வந்தது என்பார் இன்னொருவர். காரணம் எதுவோ, சாலை மாறிவிட்டது, வண்டி மாறவில்லை. ஸ்டியரிங் வலப்பக்கமே இருந்தது, பயணிகள் ஏறும் கதவு இடப்பக்கமே இருந்தது. நேற்று வரை நடைபாதையைப் பார்த்துத் திறந்த கதவு இப்போது நடுரோட்டைப் பார்த்துத் திறந்தது.

எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவருக்கு அப்போது பத்து வயது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வழக்கமான இடத்தில் நின்று, வழக்கமான நம்பர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சாலை பக்கம் மாறியதில் அந்த ஓரத்தில் நின்ற வண்டி எதிர்த்திசைக்குப் போகிற வண்டி. கடைசி ஸ்டாப்பில் இறங்கி அழுதவரை ஒரு டீக்கடைக்காரர் திருப்பி அனுப்பிவைத்தாராம். "நான் மாறலை, ரோடுதான் மாறிப்போச்சு" என்று இன்றைக்கும் அதே ரோஷத்தோடு சொல்வார்.

அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இங்கே வந்து இறங்கியவை பெரும்பாலும் ஜப்பானின் பழைய வண்டிகள். ஜப்பானில் இடப்பக்க ஓட்டம் என்பதால் அவற்றுக்கும் கதவு இடப்பக்கம். ஆக, ரங்கூனில் ஒரு பஸ் ஓட வேண்டுமானால் அந்தக் கதவுக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும். சிலர் இடப்பக்கக் கதவைத் தகடு வைத்து மூடி, வலப்பக்கம் புதிதாக வெட்டினார்கள். அப்படிப்பட்ட வண்டியில் மூடிய கதவின் தையல் பெயின்டுக்கு அடியில் தழும்பு மாதிரி தெரியும். அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடம். புதுக் கதவு வெட்ட இடம் இல்லாத சொகுசு பஸ்களில் சில அப்படியே விடப்பட்டன. நெடுஞ்சாலையில் அவற்றிலிருந்து இறங்கும்போது பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். மூன்றாவது வழி பின்பக்கம் ஏறுவது. டொயோட்டாவின் டைனா லாரியையும் ஹைலக்ஸ் பிக்கப்பையும் லைன் காராக மாற்றியவர்களுக்குச் சாலை எந்தப் பக்கம் மாறினாலும் கவலை இல்லை. பின்னால் ஒரு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான்.

ஓட்டுகிறவர் பாடு இன்னும் மோசம். வலப்பக்கச் சாலையில் வலப்பக்க ஸ்டியரிங்கோடு போகிறவருக்கு முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் உதவியாள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். டிரைவரின் இடது கண் இன்னொருவர் முகத்தில் இருந்தது என்று எங்கள் மெக்கானிக் மாமா சொல்வார்.

இப்போது வரும் சீன பஸ்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், கதவு வலப்பக்கம், எல்லாம் ஒழுங்கு. எங்கள் கேள்விக்கு வேலை குறைந்துவிட்டது. அதனால்தான் பழைய வண்டி ஒன்று கண்ணில் பட்டால் ஓடிப்போய்ச் சுற்றிப் பார்க்கிறோம்.

தாத்தா 'செவர்லே பஸ்' என்று சொல்வாரே, அது என்ன?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது படைகள் பர்மாவில் விட்டுப்போன லாரிகள் ஏராளம். அவற்றில் கனடாவில் செய்த செவர்லே லாரிக்கு மூக்கு கிடையாது. தட்டையான முகம், உள்ளுக்குள் சாய்ந்த கண்ணாடி, பார்த்தால் பிடிவாதக்காரர் மாதிரி இருக்கும். அதன் சேசிஸ் மேல் நம் ஊர்த் தச்சர்கள் மரத்தில் பாடி கட்டினார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழைக்கு இறக்கிவிடத் திரை. உட்கார நீளப் பலகை. ராணுவம் சில வருடம் ஓட்டலாம் என்று செய்த லாரியை இங்கே ஐம்பது வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். இன்ஜின் போனால் வேறு இன்ஜின், கியர்பாக்ஸ் போனால் வேறு வண்டியின் கியர்பாக்ஸ். கடைசியில் செவர்லே என்று சொல்ல அந்த முகம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

வெளிநாட்டு சாமான் வராத காலத்தில் இந்த ஊர் மெக்கானிக்குகள் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்புதான். பிஸ்டன் வளையத்தைப் பட்டறையிலேயே கடைந்தார்கள். பிரேக் ரப்பரை டயரிலிருந்து வெட்டினார்கள். பாடி கட்டும் பட்டறைகளில் நம் ஆட்களும் இருந்தார்கள். எங்கள் குழுவில் மரவேலை செய்கிறவரின் அப்பா அப்படி ஒருவர். அவர் வைத்திருந்த இழைப்புளியை மகன் ஒருமுறை கொண்டுவந்து காட்டினார். அன்றைக்கு நாங்கள் பஸ் ஏறவே இல்லை, டீக்கடையிலேயே பொழுது போய்விட்டது.

ஹினோ?

ஜப்பான் போர் இழப்பீடாகக் கொடுத்த பணத்தில் 1960களின் தொடக்கத்தில் இங்கே தொழிற்சாலைத் திட்டங்கள் வந்தன. கனரக வண்டிக்கு ஹினோ, சின்ன வண்டிக்கு மாஸ்டா. அதில் பிறந்ததுதான் டீ.ஈ. வகை ஹினோ. முன்னால் நீண்ட மூக்கு, எருமை மாதிரி பொறுமை. அந்த மாஸ்டாவின் குட்டி வண்டிகள் மண்டலேயில் நீல நிறத்தில் 'லே பெய்ன்' என்ற பெயரில் டாக்சியாக ஓடின. லே பெய்ன் என்றால் நாலு சக்கரம். எங்கள் குழுவில் ஹினோ கட்சி, செவர்லே கட்சி என்று இரண்டு உண்டு. நான் ஹினோ. செவர்லே கட்சிக்காரர்கள் அழகைப் பார்க்கிறார்கள், நான் மலை ஏறும் சக்தியைப் பார்க்கிறேன்.

ஒய்.பி.எஸ். வந்தபிறகு பார்க்க என்ன இருக்கிறது?

ரங்கூன் நகர பஸ்களின் புது ஏற்பாட்டுக்குத்தான் ஒய்.பி.எஸ். (யாங்கோன் பஸ் சர்வீஸ்) என்று பெயர். 2017 ஜனவரி 16 அன்று தொடங்கியது. அதற்கு முந்தைய ஏற்பாட்டில் முந்நூறுக்கும் மேல் லைன்கள். வண்டி ஒருவருக்குச் சொந்தம், டிரைவரும் கண்டக்டரும் அன்றைய வாடகையை அவருக்குக் கட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார்கள். கட்டும் தொகை நிச்சயம், மிச்சம் நிச்சயமில்லை. அதனால் ஒரே லைனின் இரண்டு வண்டிகள் ஒரே ஸ்டாப்பைக் குறிவைத்துப் பறக்கும். நாம் உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று நிற்போம்.

புது ஏற்பாட்டில் கண்டக்டர் இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் காசைப் போட வேண்டும், சில்லறை திரும்பி வராது. பிறகு கார்டும் வந்தது. இழந்தது என்று எனக்குத் தோன்றுவது கண்டக்டரின் குரலைத்தான். அவரை 'சப்பேயா' என்பார்கள், ஸ்பேர் என்ற சொல் பர்மிய வாயில் புகுந்து அப்படி ஆனது. படியில் தொங்கிக்கொண்டே "சூலே பா லா?" என்று கேட்பார், சூலேயில் இறங்க ஆள் உண்டா என்று. உள்ளேயிருந்து "பா தே!" என்று ஒரு குரல் வந்தால் வண்டி நிற்கும். வராவிட்டால் தகரத்தில் இரண்டு தட்டு, "ஸ்வே!" என்று ஒரு கத்தல். ஸ்வே என்றால் இழு. மாட்டு வண்டிக்கும் அதே சொல்தான்.

உண்மையைச் சொன்னால், வேலைக்குப் போகிறவனாக எனக்குப் புது பஸ் பிடித்திருக்கிறது. உட்கார இடம் கிடைக்கிறது, சில வண்டியில் ஏ.சி.யும் வேலை செய்கிறது. பழசெல்லாம் பொன் என்று சொல்கிறவர்கள் ஏப்ரல் மாத மதியத்தில் டைனா லாரியின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பர்மிய எண்கள் தெரியாது. லைன் நம்பர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய வண்டிகளில் பர்மிய எண் மட்டும்தான் இருக்கும். பத்து உருவம்தானே, ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். பூஜ்யம் வட்டம்தான். ஆறும் ஒன்பதும் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பியது போல இருக்கும், எல்லோரும் தவறு செய்வது அங்கேதான். அவசரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். பஸ் ஸ்டாப்பில் உதவாத ரங்கூன்காரரை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் சுற்று எப்படி இருக்கும்?

அதிகம் போவது சிரியம் பக்கம். புதுப்பெயர் தன்லியின். காலையில் காளி கோயிலுக்குப் பக்கத்தில் கூடுவோம். கொன்ஸைடான் தெருவும் அனவ்ரட்டா சாலையும் சந்திக்கிற இடம், பெரியவர்களுக்கு இன்னும் 'பிரேசர் ஸ்ட்ரீட்'. அங்கிருந்து லைன் கார் பிடித்து, 1993-ல் திறந்த தன்லியின் பாலம் வழியாகப் பேகு ஆற்றைத் தாண்டுவோம். ஒரே பாலத்தில் நடுவே ரயில், இரு பக்கமும் வண்டிகள். ரயிலும் நம் பஸ்ஸும் ஒரே நேரத்தில் பாலத்தில் ஏறினால் அன்றைக்கு அதிர்ஷ்டம். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை நடப்பதும் அங்கேதான்.

சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலைக்கு வந்த நம் ஆட்களின் பேரன் பேத்திகள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அதைத் தாண்டி வண்டி மாறிக் கியோக்தான் போகும் வழியில் பீலிக்கான் முனீஸ்வரர். வண்டிக்காரர்களுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. புது வண்டி வாங்கினால் முதலில் அங்கே கொண்டுவந்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுத்துப்போவார்கள். வருகிறவர்களில் தமிழர் மட்டும் இல்லை, பர்மியர் நிறைய. காத்திருக்கும் வண்டிகளைப் பார்ப்பதற்காகவே நாங்கள் அங்கே நெடுநேரம் உட்கார்ந்திருப்போம். சாமி கும்பிடவும் மறப்பதில்லை.

கியோக்தானில் ஆற்றுக்கு நடுவே யேலே பகோடா. படகில் போய், கெளுத்தி மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டு, மாலை வெயில் சாய்வதற்குள் திரும்பும் வண்டி.

பேகுச் சுற்று என்று இன்னொன்று உண்டு, ஏறக்குறைய 50 மைல். வழியில் தாவுக்சான் போர்க் கல்லறைத் தோட்டம். 6,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள், அதைவிடப் பல மடங்கு பெயர்கள் தூண்களில் பொறித்தவை. அந்தப் பெயர்களில் நம் பக்கத்துப் பெயர்களும் இருக்கும். அந்தப் போர் விட்டுப்போன லாரியில்தான் நம் தாத்தாக்கள் பஸ் ஏறினார்கள் என்பதால் அங்கே நாங்கள் நிற்காமல் போவதில்லை. அதே சாலையில் ஷ்வே ஞாங்பின் ஆலமரத்து நாட் கோயில். பர்மியர் கும்பிடும் காவல் தெய்வங்களுக்கு நாட் என்று பெயர். புது வண்டியை அந்தக் கோயிலுக்கு எதிரே நிறுத்தி, மூன்று முறை முன்னும் பின்னுமாக நகர்த்துவார்கள். வண்டி விழுந்து கும்பிடுகிறது என்று கணக்கு. 40 பேர் உட்காரும் பஸ் ஒன்று அப்படிப் பணிவாக முன்னும் பின்னும் போனதைப் பார்த்த அன்று எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி வண்டிக்கே கைகூப்பினார்.

இரவு தங்கும் பயணம் உண்டா?

முன்பு போவோம். இப்போது சாலை நிலவரம் பார்த்து, பெரும்பாலும் பகலிலேயே திரும்பிவிடுகிறோம். யாரையும் சந்தேகத்துக்குரிய தூரத்துக்குக் கூட்டிப் போவதில்லை.

முன்பு போனதில் மறக்க முடியாதது சைக்தியோ பொன்பாறை. அடிவாரம் கின்பூன். அங்கிருந்து மேலே ஏற்றுவது பஸ் இல்லை, திறந்த லாரி. குறுக்கே பலகைகள், ஒரு பலகைக்கு ஆறு பேர், ஆறாவது ஆள் ஏறியபின் ஐந்தாவது ஆளுக்கு மூச்சு விட இடம் இருக்காது. லாரி நிறைந்தால்தான் புறப்படும். கொண்டை ஊசி வளைவில் ஆறு பேரும் ஒரே உடம்பாகச் சாய்வார்கள். எனக்கு அன்றைக்கு முன்பலகை கிடைத்தது. டிரைவர் கியர் போடும் நேரத்தைக் கவனித்துக்கொண்டே போனேன். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பாறையைப் பற்றிக் கேட்டால் எனக்கு அவ்வளவாக நினைவில்லை.

மோல்மேனுக்கும் போயிருக்கிறோம். 2005-ல் சால்வீன் ஆற்றுப் பாலம் திறப்பதற்கு முன்னால் பஸ்ஸும் ரயிலும் மொட்டமாவோடு நின்றுவிடும், மறுகரைக்குப் படகு. பாலத்துக்கு முந்தைய பயணத்தைத்தான் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பாலம் வந்ததில் நேரம் மிச்சம், கதை நஷ்டம்.

பழைய வண்டியை வாடகைக்கு எடுப்பீர்களா? வழியில் நின்றுவிட்டால்?

ஒரே ஒரு முறை எடுத்தோம். ஹினோ கட்சிக்காரர்கள் சும்மா இருக்காமல், தெரிந்தவர் மூலம் ஒரு பழைய மூக்கு வண்டியைப் பேசினோம். பேகு போகும் சாலையில் லேகு என்ற ஊரைத் தாண்டி ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. வண்டிக்காரர், தண்ணீர் ஊற்றினால் போகும் என்றார். ஊற்றினோம், போனது, இரண்டு மைல். மறுபடி ஊற்றினோம். அடுத்து ஒரு மைல். வயலோரக் குளத்திலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்து வரப் பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். கடைசியில் மெக்கானிக் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், சைக்கிள் ட்யூபை வெட்டி ஓஸில் சுற்றி, இரவு ஒன்பது மணிக்கு ஊர் சேர்த்தார். செவர்லே கட்சிக்காரர்கள் அந்தக் கதையை இன்றுவரை விடவில்லை. அதற்குப் பிறகு பொது பஸ்தான். ஒரு வண்டி நின்றால் அடுத்த வண்டி வரும்.

செலவு?

சந்தா கிடையாது. பஸ் காசு அவரவர் கையில். வீட்டிலிருந்தே சின்ன நோட்டாகக் கொண்டுவந்துவிடுங்கள். படகுக்கும் டீக்கும் பொதுவில் போட்டு மிச்சத்தைப் பிரித்துக்கொள்வோம்.

சாப்பாடு?

காலையில் மொகிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், வழியில் லப்பேயே, அதாவது டீ. மதியத்துக்கு வீட்டுப் புளிச்சோறு. யார் வீட்டுப் புளிச்சோறு என்பதைப் பற்றிய அபிப்பிராயங்களை இங்கே எழுதினால் குழு உடைந்துவிடும்.

பெண்கள், குழந்தைகள் வரலாமா?

வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான். பஸ்ஸில் ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிவாருங்கள். பிக்கு ஏறினால் எழுந்து இடம் கொடுக்க வேண்டும், பெண்கள் அவர் பக்கத்து இடத்தில் உட்காருவதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், விருந்தாளிகளுக்காக எழுதுகிறேன்.

படம் எடுக்கலாமா?

பஸ்ஸை எடுக்கலாம். டிரைவரை எடுக்கும் முன் கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார், சிலர் தலை வாரிக்கொள்வார்கள். காவல் சாவடி, ராணுவ இடம், பாலம் வந்தால் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். இதில் விவாதம் கிடையாது. அப்புறம், வண்டி முழுவதும் படத்துக்குள் வர வேண்டும் என்று பின்னால் பின்னால் நகர்ந்து ரோட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு தம்பி அப்படிச் சாக்கடையில் விழுந்தான். படம் நன்றாக வந்தது.

ஏப்ரலில் ஏன் சுற்று இல்லை?

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா. அந்த நாட்களில் பஸ் பெரும்பாலும் ஓடாது, ஓடினாலும் ஜன்னல் வழியாக வாளித் தண்ணீர் உள்ளே வரும். நமக்கும் சித்திரை வருடப்பிறப்பு. வீட்டில் இருங்கள்.

நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன். கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. ஒன்று மட்டும்: சாலையைக் கடக்கும்போது ஊர்ப் பழக்கத்தில் முதலில் வலப்பக்கம் பார்ப்பீர்கள். இங்கே வண்டி முதலில் வருவது இடப்பக்கத்திலிருந்து. எங்கள் அக்காவுக்கு 1970-ல் நடந்தது உங்களுக்கு நடக்கும். இன்னொன்று, மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லாதீர்கள். 2003 முதல் ரங்கூன் நகரத்துக்குள் அதற்குத் தடை.

விருந்தாளிகள் எப்போதும் திருவள்ளுவர் பஸ், டவுன் பஸ் என்று அந்தக் காலக் கதைகளோடு வருவார்கள். கேட்க எங்களுக்கும் ஆசைதான். பாடி எங்கே கட்டினார்கள், முன் கதவா பின் கதவா என்று குறுக்கே குறுக்கே கேட்போம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இதை ஏன் தமிழில் எழுதுகிறீர்கள்? எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்க வராதே.

தெரியும். 1960களில் தனியார் பள்ளிகள் அரசு வசமான பிறகு தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் போய்விட்டன. லட்சக்கணக்கில் நம்மவர்கள் கப்பலேறினார்கள். இருந்தவர்கள் கோயில் வகுப்புகளில் தமிழை ஒட்டவைத்துக்கொண்டோம். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், சந்தேகம் வந்தால் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவார்கள். பஸ்ஸில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். ஏறுவதிலிருந்து இறங்குவது வரை கண்ணில் படுகிற வண்டிகளைப் பற்றித் தமிழில் மட்டும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங், கியர், பிரேக் எல்லாம் தமிழ்தான், அதில் கண்டிப்பு இல்லை. போன மாதம் ஒரு சிறுமி எதிரே வந்த வண்டியைப் பார்த்து, "மூடின கதவு வண்டி! தையல் தெரியுது!" என்று கத்தினாள். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சரி, எங்கே வந்து சேர வேண்டும்?

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி, காளி கோயில் வாசலுக்கு எதிர்வரிசை டீக்கடை. மழைக்காலமானால் குடை. ஏழரைக்கு மேல் காத்திருக்க மாட்டோம், லைன் கார் போய்விடும்.